குந்தாப் பள்ளத்தாக்கில் நடக்க ஒரு வழி: வனத்துறைக்கும் மின்வாரியத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கும், குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகளைப் பராமரிக்கும் மின்வாரியப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

நீலகிரி மாவட்டத்தின் எமரால்டு, அவலாஞ்சி நீர்த்தேக்கங்களின் கரையோரமாகவும், அங்கிருந்து குந்தா ஆற்றோடு மஞ்சூர்ப் பக்கம் இறங்கும் பள்ளத்தாக்கிலும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கும் ஒற்றையடிப் பாதைகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, முறையான நடைபாதைகளாக அறிவித்து, ஆண்டுதோறும் செப்பனிட்டு, நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்புக்கு உட்பட்டு மக்கள் நடப்பதற்குத் திறந்துவிட வேண்டும் என்பதே இந்த மடலின் கோரிக்கை. புதிய பாதை எதையும் வெட்டச் சொல்லவில்லை. கட்டடம் எதையும் கேட்கவில்லை. இருப்பதைப் பாதையென்று ஒப்புக்கொண்டு அதற்கு ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள் என்று கேட்கிறேன்.

இரு துறைகளையும் ஒரே மடலில் விளிப்பதற்குக் காரணம் உண்டு. அணையும் மதகும் நீர் ஏறி இறங்கும் கரையும் மின்வாரியத்தின் பொறுப்பு. அதற்கு மேலே உள்ள சோலையும் புல்வெளியும் கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்பும் பெரும்பாலும் வனத்துறையின் பொறுப்பு. பாதையோ ஓரிடத்தில் கரையை ஒட்டியும், அடுத்த வளைவில் தோப்புக்குள்ளும், அதற்கும் அப்பால் தேயிலைத் தோட்டத்தின் வேலியோரமாகவும் போகிறது. அதனால் மழையில் ஒரு பகுதி சரிந்தால் அதைச் சரிசெய்யும் கடமை யாருடையது என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. விடை கிடைக்கும்வரை நடப்பவர்கள் சரிந்த இடத்தைச் சுற்றிப் புதிதாக ஒரு தடம் போட்டுக்கொள்கிறார்கள். அடுத்த மழையில் அதுவும் சரிகிறது.

சாலை வருவதற்கு முன்பு இந்த மலையில் எல்லாப் போக்குவரத்தும் கால்நடையாகத்தான் நடந்தது. தோடர்கள் வறண்ட மாதங்களில் எருமைகளைக் குந்தா மலையின் மேல்புல்வெளிகளுக்கு ஓட்டிச்சென்ற தடங்கள், ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களை ஒன்றோடொன்று இணைத்த வழிகள், அவலாஞ்சியிலிருந்து பங்கித்தபால் வழியே சிஸ்பாராக் கணவாயைக் கடந்து மலபார்ப் பக்கம் இறங்கிய பழைய பாதை என்று பலவும் இருந்தன. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டு உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் தொடங்கியபோது, அணை கட்டவும் சுரங்கம் குடையவும் வந்த தொழிலாளர்கள் இதே சரிவுகளில் ஏறி இறங்கினார்கள். நீர் தேங்கியபோது தோடர்களின் மேய்ச்சல் நிலங்களும் அவற்றுக்குச் சென்ற வழிகளும் சேர்ந்தே மூழ்கின. இன்று கரையைச் சுற்றிச் செல்லும் தடங்கள் அந்த இழப்புக்குப் பிறகு மக்கள் தாமாகவே கண்டுகொண்ட மாற்றுவழிகள்.

இப்போது அவலாஞ்சிக்கு வருகிற வெளியூர்க்காரர் காட்டைப் பார்ப்பது வாகனத்தின் சன்னல் வழியாகத்தான். சோதனைச்சாவடியில் சீட்டு வாங்கி, வனத்துறையின் வண்டியில் ஏறி, காட்டுக்குள் இருக்கும் லக்கடி வரை சென்று, படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது தேவைதான். அதை நிறுத்தச் சொல்பவன் நான் அல்லன். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் முறையும் மலைக்கு ஏறிவரும் வாகனங்களைத்தான் எண்ணுகிறது. நடந்து பார்க்க விரும்புகிறவருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால், 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைச் சுட்டுவீர்கள். 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களை இணையத்தில் பதிவுசெய்து, வழிகாட்டியோடு நடக்க வகைசெய்த அந்தத் திட்டம் நல்ல தொடக்கம். அவலாஞ்சியிலிருந்து மலையுச்சிகளுக்கு ஏறும் தடங்களும் அதில் உண்டு. ஆனால் உச்சிக்கு ஏறுவது ஒருவகை நடைதான். உச்சி ஏற உடலும் மனமும் இடம் தராத ஐம்பது வயதுக்காரருக்கும், பள்ளி மாணவர்களோடு வரும் ஆசிரியருக்கும் பொருந்துவது நீரைச் சுற்றியும் ஆற்றோடும் போகும் சமதளமான நடை. கிரிவலம் போகிற ஊர் நம்முடையது. மலையை ஏறாமல் சுற்றி நடப்பதில் உள்ள நிறைவை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

குரங்கணியை நினைவுபடுத்தி இந்தக் கோரிக்கையை மறுக்கக்கூடும் என்பதால் அதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் காய்ந்த புல்சரிவில் பற்றிய தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் உயிரிழந்தார்கள். அதன்பின் அரசு மலையேற்றத்துக்கென்று தனியே விதிகளை வகுத்ததும், தீக்காலத்தில் தடங்களை மூடுவதும் சரியான நடவடிக்கைகள். சரிவின் கீழிருந்து மேலே ஏறும் தீ, ஆள் ஓடுவதைவிட வேகமாக வரும் என்பதைப் புல்வெளி மலையில் வாழும் எவரும் அறிவர். ஆகவே அறிவிக்கப்படாத, எண்ணப்படாத, தப்பிச்செல்லும் வழி குறிக்கப்படாத தடங்களில் ஆட்கள் போவதுதான் ஆபத்து. இந்தப் பள்ளத்தாக்கிலும் யாரிடமும் சொல்லாமல் ஆட்கள் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இரு முனைகளிலும் ஒரு பதிவேடு வைத்து, உள்ளே போனவர் எத்தனை பேர், வெளியே வந்தவர் எத்தனை பேர் என்று மாலையில் சரிபார்ப்பதும், தீத்தடுப்புக் கோடுகள் எங்கே பாதையைக் கடக்கின்றன என்று கல்லில் குறித்துவைப்பதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. கைபேசிக் கோபுரத்தை நம்பி எந்த ஏற்பாட்டையும் செய்துவிடாதீர்கள்; பள்ளத்தாக்கின் பல வளைவுகளில் அலைவரிசை கிடைப்பதில்லை.

நடப்பதற்கு ஏற்ற நாட்கள் இங்கே குறைவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்த மேற்கு விளிம்பில் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை நாடே பேசியது. அக்டோபரிலும் நவம்பரிலும் வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் மாவட்டத்தில் நேர்ந்த நிலச்சரிவுகளை மறந்தவர் யாரும் இருக்க முடியாது. டிசம்பர், ஜனவரி மாதங்களின் உறைபனியில் புல் கருகிக் காய்கிறது. அது காய்ந்தபின் பிப்ரவரியிலிருந்து தீக்காலம். ஆக மிஞ்சுவது பனிக்காலத்தின் சில வாரங்களும், கோடைமழை பெய்து புல் மீண்டும் பச்சை பிடித்தபின் வரும் சில வாரங்களும்தான். சென்னையில் இருந்துகொண்டு ஆண்டு முழுவதற்கும் ஒரே அட்டவணையைத் தயாரித்தால் அது இங்கே செல்லாது. திறப்பதையும் மூடுவதையும் வானிலையைப் பார்த்து வனச்சரகர் முடிவுசெய்யும் அதிகாரம் வேண்டும்.

பாதையின் நிலையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. எமரால்டு பக்கத்துக் கற்பூரத் தோப்புகளில், சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் பழைய தடத்தைப் பாருங்கள். மலையின் கிடைமட்டத்தை ஒட்டிப் போகும் பகுதிகள் இன்றும் புல் மூடி, கால் வைக்க மெத்தென்று இருக்கின்றன. வளைவைத் தவிர்க்க நினைத்து ஆட்கள் நேராக இறங்கிய குறுக்குவழிகளோ முழங்கால் ஆழத்துக்கு அரித்து, செம்மண்ணும் வேர்களும் வெளியே தெரிய, மழைநாளில் வாய்க்கால்களாகவே ஓடுகின்றன. தடத்தின் வெளிப்புறம் சற்றே தாழ்ந்திருந்தால் மழைநீர் குறுக்கே வழிந்து புல்லுக்குள் போய்விடும். நடந்து நடந்து நடுப்பகுதி குழிந்துபோனால் நீர் தடத்தோடே ஓடி மண்ணை வாரிக்கொண்டு கீழே போகும். இதற்கு மருந்து எளியது. பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு கல்லையோ, விழுந்து கிடக்கும் சீகை (வாட்டில்) மரத்தின் தண்டையோ சாய்வாகப் பதித்து நீரை வெளியே திருப்பிவிட வேண்டும். குறுக்குவழியின் வாயில் முள்ளும் கிளையும் போட்டு அடைக்க வேண்டும். சிமென்டுப் படிக்கட்டு வேண்டாம். படிக்கட்டின் இரு ஓரங்களிலும் நீர் அரித்து, சில ஆண்டுகளில் படி மட்டும் அந்தரத்தில் நிற்பதைப் பல சுற்றுலா இடங்களில் காண்கிறோம்.

இது மின்வாரியத்துக்கும் நேரடியாகத் தொடர்புடைய செய்தி. மேல்பவானியின் நீர் அவலாஞ்சிக்கு வந்து, அங்கிருந்து குந்தாப் பாலம், கெத்தை, பரளி, பில்லூர் என ஒவ்வொரு மின்நிலையமாக இறங்கிப் பவானியில் சேர்கிறது. பில்லூரிலிருந்து கோவைக்குக் குடிநீர் போகிறது. மேலே அரிக்கப்படும் மண் கீழே சேறாகத் தேங்குகிறது என்பதையும், குந்தாப் பாலம் நீர்த்தேக்கத்தில் சேறு சேர்ந்து கொள்ளளவு குறைந்திருப்பதையும் பொறியாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரிப்புக்கு ஒற்றையடிப் பாதைகள் பெரிய காரணம் என்று சொல்லவில்லை. சரிவில் போடப்படும் காய்கறித் தோட்டங்களும் சாலை வெட்டுகளும் அதைவிடப் பன்மடங்கு மண்ணை அனுப்புகின்றன. ஆனால் பாதையைச் சரிசெய்வது நம் கையில் உடனே இருக்கும் வேலை.

நீர் விளிம்பை ஒட்டி நடப்பதை அனுமதிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மின் உற்பத்திக்கான நீர்த்தேக்கத்தில் நீர்மட்டம் ஏறுவதும் இறங்குவதும் வழக்கம். நீர் வடிந்த இடத்தில் மேலே வெயில்பட்டு வெடித்த மண், பார்ப்பதற்குக் கெட்டியாகத் தெரியும். கால் வைத்தால் உள்ளே சேறு முழங்காலைப் பிடித்துக்கொள்ளும். அந்த விளிம்பில்தான் காட்டெருமைகளும் கடமான்களும் தண்ணீருக்கு இறங்கிய குளம்புத் தடங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. அவை இறங்கும் வழியில் நாம் குறுக்கே நிற்பது இருவருக்கும் நல்லதில்லை. இப்போது போர்த்திமந்து நீர்த்தேக்கத்துக்கும் அவலாஞ்சி–எமரால்டு நீர்த்தேக்கத்துக்கும் இடையே 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் கட்டப்பட்டுவருகிறது. அது இயங்கத் தொடங்கினால் நீரை மேலே ஏற்றுவதும் கீழே விடுவதும் அன்றாட வேலையாகிவிடும் என்பதால், இன்றைய கரை நாளைய கரையாக இருக்காது. ஆகவே பாதை முழுக் கொள்ளளவு மட்டத்துக்கு மேலேயே செல்ல வேண்டும். மின்வாரியம் அந்த மட்டத்தை நட்டகல் வைத்துக் காட்டினால் போதும். அணைகளுக்குக் கீழே ஆற்றுப்படுகையில் இறங்குவதைப் பற்றியும் அதேபோல் கண்டிப்பு வேண்டும். மேலே வெயில் அடிக்கும் நாளிலும் மதகு திறந்தால் பாறைகளுக்கிடையே நீர் சட்டென்று உயரும் என்பது வெளியூரிலிருந்து வந்து பாறைமேல் உட்கார்ந்து சோறு உண்பவருக்குத் தெரியாது.

எதைத் திறக்கக் கூடாது என்பதையும் கேட்பவனே சொல்வதுதான் முறை. முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் வரையாடுகள் மேயும் புல்வெளிகளையும், அதையொட்டிய மேல்பவானியின் உட்பகுதிகளையும் இப்போதுபோலவே விட்டுவிடுங்கள். சோலைகளுக்குள் பாதை போக வேண்டாம். ஓரமாகப் போனால் போதும். தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளுக்கும், அவர்கள் புனிதமாகக் கருதும் குன்றுகளுக்கும் அருகே செல்லும் தடம் எதுவானாலும், முதலில் அவர்களைக் கேட்டு, வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அத்துடன் விட்டுவிட வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத் தந்திருக்கும் உரிமையை இதில் வெறும் சடங்காக்கிவிடக் கூடாது. இன்னொன்று, மஞ்சள் பூவாகப் பூத்து, இங்கே வருகிறவர்களையெல்லாம் படமெடுக்க வைக்கும் ஸ்காட்ச் புரூம் புதர். அழகாயிருக்கிறது, உண்மைதான், புல்வெளியைத் தின்றுவிடும் அயல் செடி அது. அதன் விதை மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும், காலணிச் சேற்றில் ஒட்டிக்கொண்டு அடுத்த மலைக்கும் போகும். பாதையின் தொடக்கத்தில் ஒரு தூரிகையும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக் காலணியைக் கழுவச் சொல்லுங்கள். சோதனைச்சாவடியில் நெகிழிப் புட்டியைத் தேடிப் பையைத் துழாவும் அக்கறையில் பாதி இதற்கும் இருக்கட்டும்.

வழிகாட்டிகளை உள்ளூரிலிருந்தே எடுக்க வேண்டும் என்று தனியே வற்புறுத்தத் தேவையில்லை என்றாலும், ‘உள்ளூர்’ என்பதில் யாரும் விடுபடக் கூடாது. ஹட்டிகளின் படக இளைஞர்கள், தோடர், குறும்பர் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள், 1964-ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பித் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆகிய எல்லாருக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காமல் இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப்போகும் காலம் இது. வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கு பாதைச் செப்பனிடும் கூலியாக அந்தந்த ஊருக்கே திரும்ப வந்தால், எங்கே கல் பெயர்ந்தது, எங்கே கரடி நடமாட்டம் என்ற செய்தி உங்கள் அலுவலகத்துக்குத் தானாகவே வந்துசேரும். அதே வேளையில், அடுத்த ஊருக்கும் கோயிலுக்கும் வேலைக்கும் போவதற்கு இதே பாதைகளைப் பயன்படுத்தும் ஊர்க்காரர்களுக்கு மலையேற்றக் கட்டணமும் அனுமதிச்சீட்டும் பொருந்தா என்பதை எழுத்தில் அறிவித்துவிடுங்கள். சுற்றுலாவுக்கென்று ஒரு வழியைத் திறப்பதாகச் சொல்லி, அதில் காலங்காலமாக நடந்தவரைச் சீட்டுக் கேட்டு நிறுத்தும் நிலை வந்துவிடக் கூடாது.

முதல் ஆண்டில் ஒரே ஒரு தடத்தை எடுத்துக்கொண்டால் போதும். எமரால்டிலிருந்து அவலாஞ்சி நோக்கி, நீர்த்தேக்கத்தின் மேல்மட்டத்தை ஒட்டிச் செல்லும் பகுதியை அதற்குப் பரிந்துரைக்கிறேன். சாலையும் ஊரும் அருகில் இருப்பதால் யாருக்கேனும் கால் பிசகினாலும் விரைவில் தூக்கிவர முடியும். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. வரும் மே மாதத்தில், நீர்மட்டம் தாழ்ந்து கரையின் உண்மையான நிலை தெரியும்போது, ஜூன் மழை தொடங்குவதற்கு முன்பாக, இரு துறைகளின் அலுவலர்களும் வருவாய்த்துறையின் நிலஅளவரும் ஒரே நாளில் வந்து அந்தத் தடத்தைக் கூட்டாக ஆய்வுசெய்து, எந்த அடிவரை யாருடைய பொறுப்பு என்று வரைபடத்தில் கையெழுத்திட வேண்டுகிறேன். வழி காட்டவும், சரிந்த இடங்களை அடையாளம் காட்டவும் ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஆய்வுக்கு வருகிறவர்கள் வண்டியை எமரால்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நீலகிரியின் குந்தா மலைப்பகுதியில் வசிக்கும் ஒருவன்