சண்டை எந்தப் பக்கத்தில்?

மன்னார்குடி

அன்புள்ள ராஜு,

கடிதம் கிடைத்தது. மைசூரில் நல்ல மழை என்று படித்ததுமே இங்கே எல்லோருக்கும் சந்தோஷம், காரணம் உனக்கே தெரியும். குறுவையில் களையெடுப்பு நடக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை.

அரசியல் செய்திகளுக்கு வாசகர்கள் எழுதும் கருத்துகளை வைத்து, எது சர்ச்சை என்று அளக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். ஆனால் எத்தனை கருத்து வந்தது என்று மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டம் பற்றிய செய்திகளுக்குக் கருத்துகள் குவிந்தன. நான் படித்தவரை எல்லாமே 'வேண்டாம்' என்றுதான் சொல்லின. அது ஊரே சேர்ந்து பட்ட கோபம். சர்ச்சை என்றால் இரண்டு பக்கம் வேண்டும்.

பதிவுகளுக்கு வாசகர்கள் ஆதரவு, எதிர்ப்பு என்று வாக்களிக்கும் ரெட்டிட் தளத்தில், சர்ச்சையை அளக்க ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள். 900 பேர் ஆதரவு, 100 பேர் எதிர்ப்பு என்றால் மதிப்பு 2 சொச்சம்தான். 500-க்கு 500 என்றால் 1000! ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தின் விவாதங்களை ஆராய்ந்தவர்கள் 2008-ல் வேறு வழி சொன்னார்கள்: பதிலுக்குப் பதில் என்று எத்தனை அடுக்கு இறங்குகிறது, ஐந்தாவது அடுக்கில் ஐந்து பதிலாவது இருக்கிறதா என்று பார்ப்பது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. எதிராளி சொன்னதைப் படித்துவிட்டு நின்று பதில் சொல்பவர்களை இது கணக்கில் எடுக்கிறது.

முறைப்பாசனம், அதாவது முறை வைத்து வாய்க்காலில் தண்ணீர் விடுவது பற்றிய சின்னச் செய்திகளைப் பார். கருத்துகள் கொஞ்சம்தான் வரும். ஆனால் கல்லணைப் பக்கத்துக்காரர் ஒன்று சொல்வார், பேராவூரணி கடைமடைக்காரர் மறுப்பார், கல்லணைக்காரர் திரும்ப வந்து பதில் சொல்வார். டெல்டாவுக்குள் இருக்கும் உண்மையான பிளவு அங்கேதான் தெரிகிறது. பெரிய தலைப்புச் செய்திகளில் தெரிவதில்லை.

அப்புறம், என்னை உறுத்துவது இதுதான். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரியில் நம் பங்கை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. தமிழ்ச் செய்திகளில் எல்லாம் ஒரே வேதனை. கர்நாடகத்தில் தீர்ப்பை வரவேற்றார்கள். இரண்டு இடத்தையும் தனித்தனியாக அளந்தால் எந்தச் சூத்திரமும் 'சர்ச்சையே இல்லை' என்றுதான் சொல்லும். நடுவர் மன்றம் அமைத்ததே 1990-ல்; அதற்கும் முன்பிருந்தே ஓயாத வழக்கு இது. சண்டை போடும் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் எழுதுவதில்லை, மொழியே வேறு. அப்படியானால் அளவுகோல் எதைத்தான் பிடிக்கும்?

உனக்குக் கன்னடம் நன்றாக வாசிக்க வருமே. அடுத்து, தமிழ்நாட்டுக்கு வரும் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவின் நீர் அளவு பற்றிச் செய்தி வரும்போது அங்கே வாசகர்கள் என்ன எழுதுகிறார்கள், யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று பார். மண்டியா விவசாயி யாராவது எழுதியிருந்தால் அதை அப்படியே தமிழில் எழுதி அனுப்பு. இங்கே வருவதை நான் எடுத்து வைக்கிறேன். இரண்டையும் சேர்த்து வைத்து அளந்து பார்ப்போம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேது