ஆட்டத்தை விட்டு யாரும் வெளியேற வேண்டாம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் லேசானது. அதைவிட, ஏழெட்டு வயதுச் சிறுமிகளை வார இறுதியில் திறந்தவெளியில் விளையாட வைக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறாய் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். என்ன ஆட வைக்கலாம் என்று கேட்டிருந்தாய் அல்லவா?

'அவுட்' ஆனவர்கள் ஓரமாக உட்கார வேண்டிய ஆட்டங்களை முதலில் ஒதுக்கிவிடு. அவற்றில் மெதுவாக ஓடுகிறவள்தான் முதலில் வெளியேறுகிறாள். ஓடிப் பழக வேண்டியவளும் அவள்தான். புல்லைப் பிய்த்துக்கொண்டு சில வாரம் உட்கார்ந்திருப்பாள், பிறகு வரவே மாட்டாள். பிடிபட்டவள் துரத்துகிறவளோடு கைகோத்துக்கொள்ளும் சங்கிலி ஆட்டத்தை எடுத்துக்கொள். சங்கிலியின் இரு முனைகளில் இருப்பவர்களுக்குத்தான் ஒரு கை காலியாக இருக்கும். அதனால் எந்தப் பக்கம் திரும்புவது என்று எல்லோரும் பேசித்தான் ஓட வேண்டும். நம்ப மாட்டாய், வாயே திறக்காத பிள்ளைகள்கூட அப்போது கட்டளையிடுவார்கள்!

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, 11 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளில் 85 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. ஆண்பிள்ளைகளில் 78 சதவீதம். 'உடை அழுக்காகும், கீழே விழுவாய்' என்று சின்ன வயதிலேயே சொல்லத் தொடங்கிவிடுகிறோமே, அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஓடிக் களைத்ததும் வௌவால் ஆட்டம் வைத்துப் பார். எல்லோரும் வட்டமாக நிற்க, நடுவில் கண் கட்டிய ஒருத்தி வௌவால், இன்னும் இரண்டு பேர் பூச்சிகள். அவள் 'வௌவால்' என்று கூவும்போதெல்லாம் பூச்சிகள் 'பூச்சி' என்று பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் குரலை வைத்தே அவள் பிடிக்க வேண்டும். நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியால் வௌவால் இரை தேடுவதை ஆட்டம் முடிந்த பிறகு சொல். முன்பே சொன்னால் பாடமாகிவிடும்.

எறும்புச் சாரியையும் விட்டுவிடாதே. ஊரும் வழியின் குறுக்கே விரலால் அழுத்தித் தேய்க்கச் சொல். எறும்புகள் அந்த இடத்துக்கு வந்ததும் தயங்கி, உணர்கொம்பால் அங்குமிங்கும் துழாவும். அவை விட்டுச்சென்ற வாசனைத் தடம் அங்கே அறுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒன்று கடந்துவிடும், பிறகு மற்றவையும். அதுவரை சிறுமிகள் குப்புறப் படுத்துப் பார்க்கட்டும், அவசரப்படுத்தாதே.

வழிக்குறி ஆட்டத்தில் குறிகளை நீ வைக்காதே, பாதிப் பேர் வைக்கட்டும், மீதிப் பேர் தேடிப் போகட்டும். கல்லால் அம்பு போட்டால் இந்தப் பக்கம், குச்சிகளைக் குறுக்காக வைத்தால் இது வழியல்ல. சாரணியர் இதை வெகுகாலமாகச் செய்கிறார்கள். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்குச் சில சிறுமிகள் தாங்களாகவே வந்து நின்றார்கள். மறு ஆண்டே பெண்களுக்கென்று தனி இயக்கம் பிறந்தது. உன் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல், கட்டாயம் பிடிக்கும்.

முள், கண்ணாடித் துண்டு, நீர்நிலை எதுவும் அருகில் இல்லாத இடமாக முன்கூட்டியே பார்த்து வை. முதல் நாள் எப்படிப் போனது என்று உடனே எழுது. நீயும் ஓடுகிறேன் என்று கிளம்பி மூட்டைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
உன் தோழி