அந்தப் பிளாப்பிப் பெட்டியை எடைக்குப் போடாதீர்கள்

தொண்டியிலிருந்து ரோச்மா நகர் வரை, கரையோர ஊர்களில் மீனவர் சங்கம், ஜமாத், பங்குப் பேரவை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பொறுப்பில் வைத்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். 1994 முதல் பன்னிரண்டு வருஷம் பாம்பனிலும், அப்புறம் ராமநாதபுரத்திலும் கம்ப்யூட்டர் டைப்பிங் சென்டர்களில் வேலை பார்த்தவள் நான். உங்களில் பலருடைய சங்கத்து மனுக்கள், வரிப் பட்டியல்கள், கந்தூரி நோட்டீஸ்கள், திருவிழாக் கணக்குகள், கல்யாணப் பத்திரிகைகள் என் விரல் வழியாகத்தான் காகிதத்துக்குப் போயின. அந்த உரிமையில்தான் இந்த மடல்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் போன மாதம் பழைய கம்ப்யூட்டர் அறையைக் காலி செய்தார்கள். மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்காரர் வண்டியில் ஏற்றிப் போயிருக்கிறார். பீரோவுக்குள் இருந்த நான்கு பெட்டி பிளாப்பிகளும், அதாவது அந்தக் காலத்தில் அடித்ததைச் சேமித்து வைத்த சதுரத் தகடுகளும், அதோடு போய்விட்டன. செய்தி தெரிந்து மறுநாள் போனேன். தரையில் பீரோவின் கால் பட்ட துருக்கறை நான்கு மட்டும் இருந்தது. யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அங்கே இருந்த சார் ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி: "அதை இனிமே எதுல போட்டும்மா பார்க்கிறது?" அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்த அறையில்தான் 1986இல், ஒன்பதாம் வகுப்பில், நான் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். மத்திய அரசு 1984இல் பள்ளிகளுக்காகக் கிளாஸ் என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. அதில் வந்த மிஷின், இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி செய்த பிபிசி மைக்ரோ. வாசலில் ஈரச்சாக்கு விரித்திருக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காலில் எப்போதும் மணல் இருக்குமே, அதற்காக. காலைத் துடைத்து, கையைத் துடைத்து, ஒரு மிஷினுக்கு ஆறு பேராக உட்காருவோம். சுவிட்சைப் போட்டதும் தாழ்ந்த ஓசை ஒன்றும் உயர்ந்த ஓசை ஒன்றுமாக 'பூ... பீப்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்க அடுத்த வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்குவார்கள். மொத்த நினைவகமே 32 கேபி. இன்று உங்கள் போனில் வரும் 'காலை வணக்கம்' படம் ஒன்றைக்கூட அதில் வைக்க முடியாது. அதற்குள்தான் நாங்கள் ஒன்றிலிருந்து நூறு வரை கூட்டினோம், வட்டம் போட்டோம், எங்கள் பெயரைத் திரை முழுக்க ஓடவிட்டோம்.

எழுதிய புரோகிராமைச் சேமிக்கச் சாதாரண டேப் ரிக்கார்டர் ஒன்றை வைத்திருந்தார்கள். அது எனக்குப் பெரிய ஆச்சரியம். கீழக்கரையில் இருந்த என் சின்னம்மா வீட்டுக்குத் துபாயிலிருந்து சித்தப்பா கேசட்டில்தான் பேசி அனுப்புவார். கடிதம் எழுத வராதவர். நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து அழுதபடி கேட்போம். அதே மாதிரிக் கேசட்டில்தான் எங்கள் கணக்கும் ஏறியது. அதை வீட்டு ரிக்கார்டரில் போட்டால் காது கிழிகிற மாதிரி கீச்சென்று ஒரு சத்தம். ஒரு நாடாவில் மனுஷன் குரல், இன்னொரு நாடாவில் மிஷின் குரல். எழுதியது, பேசியது எல்லாமே ஏதாவது ஒரு பொருளின் மேல்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அந்தப் பொருள் போனால் அதுவும் போய்விடும் என்று எனக்கு அன்றே புரிந்தது.

அப்புறம் தட்டச்சு. லோயர், ஹையர் இரண்டும் தமிழில் பாஸ் செய்தேன். 'யளனக' என்று முதல் பாடம் அடித்த பெண்கள் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அவர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய சங்கதி ஒன்று இந்த மடலில் பின்னால் வருகிறது.

சென்டரில் 386 என்ற பழைய ரகக் கம்ப்யூட்டர் மிஷின் ஒன்று. உப்புக்காற்றில் அதன் உள்ளே செம்பெல்லாம் பச்சைப் பூத்துவிடும். ஒருநாள் திரை வராது. எங்கள் மாஸ்டர் மூடியைக் கழற்றி, மெமரிக் கார்டை உருவி, அதன் ஓரத்துப் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி சொருகுவார். உயிர் வந்துவிடும். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாததால் வேர்ட்ஸ்டார் என்ற எழுதும் மென்பொருளில் இரண்டு வரிக்கு ஒருமுறை கண்ட்ரோல் கே, எஸ் அடித்துச் சேமிப்பேன். இன்றும் போனில் எழுதும்போது என் இடது சுண்டுவிரல் அந்தக் கண்ட்ரோலைத் தேடுகிறது.

அந்த மிஷினில் நான் அதிகம் அடித்தவை மனுக்கள். கடலுக்குப் போன படகு திரும்பாத நாட்கள் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். ராத்திரி பத்து மணிக்குத் தலைவர் அண்ணன் நாலு பேரோடு வருவார். படகு எண், ஓட்டியவர் பெயர், கூடப் போனவர்கள் பெயர், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், என்ன வலை, கடைசியாக யார் பார்த்தது, என்ன சட்டை, உடம்பில் என்ன தழும்பு. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அடிப்பேன். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கார்பன் வைத்து மூன்று பிரதி. விடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறுவார்கள். அந்த பிரிண்டர் கிர்ரென்று ஒவ்வொரு வரியாகப் போகும்போது வாசலில் பெண்கள் நிற்பார்கள். அந்தச் சத்தம் எனக்கு மறக்காது.

அடித்ததையெல்லாம் சங்கத்துக்கு ஒரு பிளாப்பி என்று சேமித்துக் கொடுப்போம். மூன்றரை அங்குலப் பிளாப்பியில் 1.44 எம்பி. ஒரு மனு 10 கேபிக்குள் அடங்கிவிடும். அப்படியானால் ஒரு சதுரத் தகட்டில் நூறு மனுவுக்கு மேல். ஒரு சங்கத்தின் பத்து வருஷக் கதை மூன்று நான்கு பிளாப்பியில் இருக்கிறது. காகிதப் பிரதிகள் என்னவாயின? கூரை ஒழுகியது, கரையான் அரித்தது, அலுவலகம் மாறும்போது தொலைந்தது. பல ஊர்களில் இப்போது மிச்சம் இருப்பது, யாரும் திறக்காத அந்தப் பெட்டி மட்டும்தான்.

போன வருஷம் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். 1997இல் அவள் அப்பா கடலில் காணாமல் போனபோது அவள் கைக்குழந்தை. வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. "அப்பா அன்னிக்கு என்ன சட்டை போட்டிருந்தாங்கன்னு நீங்க அடிச்ச மனுவுல இருக்கும்னு அம்மா சொல்லுச்சு. அதை ஒருதரம் படிக்கணும் அத்தை" என்றாள். நான்தான் அடித்திருக்கிறேன். ஆனால் எனக்கு நினைவில்லை. அத்தனை சட்டைகள், அத்தனை தழும்புகள்.

சங்கத்தில் போய்க் கேட்டேன். நல்லவேளை, மூன்று பிளாப்பி இருந்தது. மூன்றரை அங்குலத்தில் இரண்டு, பழைய அஞ்சேகால் அங்குலத்தில் ஒன்று. யூஎஸ்பியில் சொருகும் பிளாப்பி டிரைவ் ஒன்றை வாங்கி முதல் இரண்டையும் போட்டேன். திறந்தது! ஆனால் திரையில் வந்தது தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக அலங்கோலம். பக்கத்தில் இருந்த பையன் "கெட்டுப்போச்சு" என்றான். கெடவில்லை.

இதை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் தமிழுக்கென்று கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் பொதுவான குறியீடு புழக்கத்தில் இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்து எழுத்துருக்கள் செய்தார்கள். நாங்கள் வைத்திருந்தது பாமினி. அதில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். பாமினி எழுத்துரு கூடவே இருந்தால் அது அம்மாவாகத் தெரியும். இல்லையென்றால் குப்பையாகத் தெரியும். ஒவ்வொரு கம்பெனியும் ஒரு முறை வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டேம், டேப் என்று குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. இணையத்தில் டிஸ்கி என்று இன்னொன்று ஓடியது. கடைசியில் எல்லோரும் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டுக்கு வந்து சேர்ந்தோம். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய குறியீடுகளில் ஏற்றிவைத்த இலக்கியங்களை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டது. அதனால்தான் அவற்றை இன்று போனில் படிக்கிறோம். நம் சங்கத்து மனுக்களை மாற்ற மட்டும் ஆள் இல்லை.

மாற்றுவது கஷ்டமே இல்லை. பொங்குதமிழ், என்எச்எம் கன்வர்ட்டர் என்று இலவசமாகவே மாற்றிகள் இருக்கின்றன. அதைவிட நல்ல மாற்றி ஒன்று இந்தக் கரையிலேயே இருக்கிறது. முன்னால் சொன்ன சங்கதி இதுதான். பாமினி விசைகளின் அடுக்கு பெரும்பாலும் பழைய தட்டச்சு மிஷினின் அடுக்கேதான். தட்டச்சு படித்தவர்கள் அந்த அலங்கோலத்தைக் கண்ணால் படிக்க வேண்டியதில்லை. விரல் வைத்தால் போதும். நான் மேசை மேல் விரலை வைத்து, திரையில் இருந்த குறிகளை அதே இடத்தில் தட்டிப் பார்த்தேன். 'பெறுநர்' என்றது விரல். அடுத்த வரி, அடுத்த வரி என்று மனு முழுதாக வந்தது. பல வருஷமாக அடிக்காத விரல். மாற்றி சில எழுத்துகளைத் தப்பாகக் காட்டும்போது சரிபார்க்க யளனக படித்த அக்காமார்கள் முன்வந்தால் போதும்.

அழகன்குளத்தில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பானை ஓட்டில் இருந்த பழங்காலத் தமிழி எழுத்தை இன்று படிக்கிறோம். பக்கத்து ஊரில் 1997இல் எழுதியதை நம்மால் படிக்க முடியவில்லை என்றால் மனசு ஒப்பவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். பீரோவைக் காலி செய்யும் முன் பெட்டியைத் தனியே எடுத்து வையுங்கள். துடைக்க வேண்டாம், வெயிலில் காயவைக்க வேண்டாம். பூஞ்சை பிடித்ததை அப்படியே டிரைவில் சொருகினால் டிரைவின் படிக்கும் முனையான ஹெட்டில் அழுக்கு ஏறி, அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியையும் கீறிவிடும். மூன்றரை அங்குலத்தில் மூலையில் ஒரு சின்னத் தள்ளுகட்டை இருக்கும். ஓட்டை திறந்து தெரிகிற மாதிரி அதைத் தள்ளிவிடுங்கள். அஞ்சேகால் அங்குலத்தில் ஓரத்து வெட்டை ஸ்டிக்கரால் மூடுங்கள். இரண்டுமே மேலே எழுதவிடாமல் காக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம்: கம்ப்யூட்டர் "இந்த டிஸ்க் ஃபார்மேட் ஆகவில்லை, ஃபார்மேட் செய்யட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். படிக்கத் தெரியாததையெல்லாம் அது அப்படித்தான் கேட்கும். சரி என்று அழுத்திவிட்டு அழுத ஊர் ஒன்றை எனக்குத் தெரியும்.

படகுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் கிடக்கும் பழைய ஜிபிஎஸ் செட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கடலுக்கடியில் இருக்கும் பாருக்கும் கல்லுக்கும் உங்கள் அப்பாமார் பதிந்து வைத்த பாயிண்டுகள் அதற்குள் இருக்கின்றன. பழைய செட் பலவற்றில் உள்ளிருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தால் பாயிண்டும் போய்விடும். இன்றே திறந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகம் ஒரு மேசையும் ஒரு கம்ப்யூட்டரும் கொடுத்தால் ஞாயிறுதோறும் நான் வந்து உட்காரத் தயார். கூலி வேண்டாம். படித்து எடுப்பது அந்தந்தச் சங்கத்திடமே, அந்தந்தக் குடும்பத்திடமே திரும்பப் போக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அவற்றில் ஊரார் பெயர் இருக்கிறது, கடன் கணக்கு இருக்கிறது, மண்டபம் முகாமுக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் தங்கள் சொந்தங்களைத் தேடி எழுதச் சொன்ன கடிதங்கள்கூட இருக்கின்றன. உரியவர் சம்மதம் இல்லாமல் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது.

அந்தப் பெண்ணின் அப்பா பற்றிய மனு முதல் இரண்டு பிளாப்பியிலும் இல்லை. மூன்றாவதில்தான் இருக்க வேண்டும். லேபிளில் என் கையெழுத்தில் '97, படகு' என்று இருக்கிறது. அது அஞ்சேகால் அங்குலம். இப்போது விற்கும் யூஎஸ்பி டிரைவில் நுழையாது. பழைய டிரைவைப் புது கம்ப்யூட்டரோடு இணைக்க கிரீஸ்வீசில் என்று ஒரு சின்னப் பலகை கிடைக்கிறது. அதை வரவழைத்துவிட்டேன். டிரைவ்தான் கிடைக்கவில்லை. மதுரை வரை தேடிவிட்டேன். 386, 486 காலத்து மிஷின் ஏதாவது உங்கள் பள்ளி ஸ்டோர் ரூமிலோ, ஜமாத் மாடியிலோ, பங்குத்தந்தை வீட்டுப் பரணிலோ கிடந்தால், முன்பக்கம் அகலமான வாயும் திருகுகிற கொக்கியும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் பாம்பன் பஸ் ஸ்டாண்டில் சொல்லி அனுப்புங்கள், நானே வந்து தூக்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
பாம்பனில் உங்கள் மனுக்களை அடித்தவள்