ஆச்சிக்கு நூற்றொன்று

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோப்பாயில் எல்லாரும் சுகம். பின்வீட்டு ஆச்சிக்குப் போன ஆவணியோடு நூற்றொரு வயது. கண் மங்கல்தான், ஆனால் முருங்கையிலையை இன்னும் தானே உருவுகிறார்.

ஒடியல் கூழும் குரக்கன் பிட்டும்தான் அவரை இவ்வளவு காலம் வைத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கூழை எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்கக் குடித்தது. ஆச்சியின் தம்பிமார் இரண்டு பேரும் அறுபதைக் காணவில்லை. ஒருவருக்கு மாரடைப்பு, மற்றவர் போர்க்காலத்துச் செல்லடியில் போனார். இருப்பவரிடம்தான் இரகசியம் கேட்கிறோம், அதையே சாப்பிட்டுப் போய்ச் சேர்ந்தவர்கள் கணக்கில் வருவதில்லை.

வயதே சரியா என்று முதலில் பார்க்க வேணும். 2010இல் யப்பானில் பதிவேடுகளைச் சரிபார்த்தபோது, நூறு கடந்ததாக எழுதியிருந்த 2 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் காணவில்லை. இங்கே 1995 போர் இடப்பெயர்வில் ஆச்சியின் பிறப்புச் சான்றிதழும் தொலைந்தது. சாதக ஓலை மட்டும் தப்பியிருக்கிறது. மகள் எடுத்துக் காட்டினார்: இரத்தாட்சி வருடம், ஆவணி மாதம். அந்த வருடம் 60 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். 1924, பிறகு 1984. 1984இல் ஆச்சிக்குப் பேரப்பிள்ளைகளே இருந்தார்கள். அப்புறம் என்ன சந்தேகம்?

டென்மார்க்கில் இரட்டையர்களை ஆராய்ந்து, ஆயுளில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ கால்வாசி என்று கண்டார்கள். நூறைத் தாண்டுகிறவர்களிடம் அந்தப் பங்கு இன்னும் கூடுதல். பிரான்ஸின் ழான் கல்மான் 1875இல் பிறந்து 1997இல் இறந்தார், 122 வயது. நூறு கடந்த பிறகும் சிகரெட் பிடித்தார். அந்த உடம்பு அப்படி. அதைப் பார்த்து நாங்கள் பற்ற வைக்க முடியாது.

அமெரிக்காவின் பொஸ்ரனில் நூறு கடந்தவர்களைப் பல வருடமாக ஆராய்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பெரிய வருத்தங்கள் மிகவும் பிந்தித்தான் வருகின்றன, படுக்கையில் கிடக்கும் காலமும் குறைவு. ஆச்சி முதன்முதல் ஆஸ்பத்திரியில் படுத்ததே தொண்ணூறு தாண்டித்தான். நூற்றொன்று என்ற எண்ணைவிட எனக்கு ஆசையாக இருப்பது அதுதான், மச்சான்.

உன் அப்பாவுக்கு ஐம்பத்தெட்டில் நெஞ்சுவலி வந்தது நினைவிருக்கிறதல்லவா? நீ பிறஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாயா? போன கடிதத்திலும் கேட்டேன், நீ பதில் எழுதவில்லை. இந்தமுறை மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்