ஆரணியின் முதல் விருப்பம்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பர் குகனுக்கு,

உமது கடிதம் சென்ற கிழமை கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரையில் மறுபடியும் நடக்கத் தொடங்கிவிட்டீர் என்று வாசித்தபோது மனம் ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். மகள் ஆரணிக்கு உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து, வர்த்தகப் பிரிவில் பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் இஸட் புள்ளி நல்லதாகக் கிடைத்திருக்கிறது. அன்று முதல், விண்ணப்பத்தில் கொழும்புப் பல்கலைக்கழகத்தை முதலில் இடுவதா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை முதலில் இடுவதா என்பதே வீட்டில் பேச்சாக இருக்கிறது.

கொழும்பை முதலில் எழுதி அது கிடைக்காமற் போனால் யாழ்ப்பாணமும் கைவிட்டுப் போய்விடும் என்று அயலவர் ஒருவர் பயமுறுத்திவிட்டுப் போனார். பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. உண்மையில், மாணவரைத் தெரிவுசெய்யும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நாம் எழுதும் ஒழுங்கை மேலிருந்து பார்த்து, புள்ளி எந்த இடத்துக்குப் போதுமோ அந்த இடத்தைத் தருகிறது. மேலே உள்ளது தவறினால் கீழே உள்ளதற்கு எந்தப் பழுதும் வராது. வர்த்தகப் பிரிவின் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமையிலும் 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும் நிரப்பப்படுவதால், எங்கள் மாவட்டத்து வெட்டுப்புள்ளியையும், அதாவது இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த புள்ளியையும், பார்க்க வேண்டும் என்று கையேட்டை விரித்து வைத்து அவளுக்கு விளங்கப்படுத்தினேன்.

மனைவிக்கு யாழ்ப்பாணம்தான் விருப்பம். திருநெல்வேலி வளாகம் சைக்கிளில் கால் மணி நேரம். வீட்டுச் சாப்பாடு, வாடகை இல்லை. 1974 இல் அந்த வளாகம் தொடங்கியபோது எங்கள் ஊர் கொண்ட பெருமையை நானும் மறக்கவில்லை. அங்கே முகாமைத்துவம் படித்தவர்கள் இன்று எத்தனையோ வங்கிகளில் நல்ல பதவிகளில் இருக்கிறார்கள். ஆனாலும் ஆரணி படிக்க விரும்புவது சர்வதேச வணிகம். அதற்கென்றே ஒரு துறை கொழும்பில் இருக்கிறது.

இதை யோசிக்கும்போதெல்லாம், நீரும் நானும் வங்கியின் வெளிநாட்டு வர்த்தகப் பிரிவில் பக்கத்து மேசைகளில் இருந்த காலந்தான் நினைவுக்கு வருகிறது. அந்த இறால் ஏற்றுமதியை நீர் மறந்திருக்க மாட்டீர். குறித்த பத்திரங்களைக் கொடுத்தால் பணம் தருவோம் என்று வாங்குபவரின் வங்கி எழுதித் தரும் நாணயக் கடிதத்தில் இருந்த கடைசிக் கப்பலேற்றத் திகதிக்கு ஒரு நாள் பிந்திய திகதி, சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கொம்பனி தரும் பில் ஒஃப் லேடிங்கில் விழுந்திருந்தது. சரக்கில் ஒரு குறையும் இல்லை. இருந்தும் அந்த ஒரு நாளைக் காட்டி அந்த வங்கி பணம் கொடுக்க மறுத்தது. வாங்கியவரோ விலையைக் குறைத்தால்தான் பத்திரங்களை ஏற்பேன் என்று நின்றார். ஏற்றுமதி செய்த மனிதர் உமது மேசைக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி, ஒன்றும் பேசாமல் இருந்த இருப்பு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. வங்கி பார்ப்பது பத்திரத்தை, பொருளை அல்ல என்பதை நான் அன்றுதான் உள்ளபடி விளங்கிக்கொண்டேன். துறைமுகமும், சுங்கமும், வங்கிகளின் தலைமை அலுவலகங்களும் பக்கத்தில் இருக்கும் ஊரில் படித்தால், பயிற்சிக் காலத்தில் இப்படிப்பட்ட பத்திரங்களை அவள் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

போன ஞாயிறு ஆரணியை மீன்பிடிக்காரர் இருக்கும் குருநகருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஐஸ் போட்ட பெட்டிகளில் நண்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எந்த நாட்டுக்குப் போகிறது, விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்று அவள் அங்கிருந்தவர்களைக் கேட்டாள். கொழும்புக் கொம்பனிக்காரர் சொல்வதுதான் விலை என்றார்கள். திரும்பி வரும் வழியில், “அப்பா, 2023 இல் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் விட்டார்கள்தானே, ஒருநாள் இந்த நண்டும் காங்கேசன்துறையிலிருந்தே போகலாம், அதற்குள் நான் படித்துவிட்டு வந்துவிடுவேன்” என்றாள். அன்றிரவே கொழும்பை முதலாவதாகவும் யாழ்ப்பாணத்தை இரண்டாவதாகவும் எழுதினோம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை; மறுநாள் காலையில் மிளகாய்த்தூள் இடிக்க எவ்வளவு மிளகாய் வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

உம்மிடம் இரண்டு உதவிகள் கேட்கிறேன். விடுதி கிடைக்காவிட்டால் தங்குவதற்கு, உமது வீட்டுக்குக் கிட்ட, பெண்பிள்ளைகள் இருக்கும் நல்ல அறை ஒன்றை இப்போதே விசாரித்து வையும். அவளுக்குச் சிங்களம் பேசப் பழக்கம் குறைவு. உமது மகள் கிழமைக்கு ஒரு நாளாவது தொலைபேசியில் அவளுடன் சிங்களத்திலேயே கதைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

அன்புடன்,
உமது நண்பன்,
யோகநாதன்