ஆராதனைக்கு முன்னும் பின்னும்

அன்புள்ள பாப்பா,

அங்கே சபையில் ஆர்கன் வாசிக்க ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள், உனக்கு இப்போதைக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து நீ இருக்கும் அதே ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த ஆர்கனிஸ்ட் யான் ஸ்வேலிங்க்கின் ஞாபகமாகவே இருக்கிறது.

1562-இல் டெவென்டரில் பிறந்தவர். அப்பா ஆம்ஸ்டர்டாமில் பழைய கோயில் என்று சொல்கிறார்களே, அந்த ஔடே கெர்க்கின் ஆர்கனிஸ்ட். 1573-இல் அப்பா தவறிவிட்டார், பையனுக்கு அப்போது 11 வயதுதான் இருக்கும். பதின்வயதிலேயே அப்பா உட்கார்ந்த அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார், சாகும்வரை 40 வருஷத்துக்கு மேல் எழுந்திருக்கவே இல்லை. ஆனால் 1578-இல் ஊர் ஆட்சி, கால்வின் என்ற சீர்திருத்தவாதியைப் பின்பற்றிய புராட்டஸ்டன்ட்காரர்கள் பக்கம் மாறியது, பீடங்களையும் சுரூபங்களையும் எடுத்தார்கள், ஆராதனையில் ஆர்கன் கூடாது என்றார்கள். யோசித்துப் பார், கோயிலில் ஆர்கனிஸ்ட் வேலை, ஆனால் ஜனங்கள் பாடும்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும்!

நல்லவேளை, ஆர்கன் நகராட்சியின் சொத்து, சம்பளமும் நகராட்சிதான் கொடுத்தது. அதனால் ஆராதனைக்கு முன்னும் பின்னும் வாசித்தார். அந்த நேரத்துக்கென்றே ஊர்க்காரர்களும் வியாபாரத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர்களும் வந்து கேட்டார்கள். 1590-இல் கல்யாணம் ஆனபோது சம்பளத்தைக் கூட்டிய ஊர், 1604-இல் பியானோவுக்கு முந்தைய கீபோர்டு வாத்தியமான ஹார்ப்சிகார்டு ஒன்று வாங்க அவரையே ஆண்ட்வெர்ப்புக்கு அனுப்பியது. அதன் மூடியில் வரைந்த ஓவியம் இன்றைக்கும் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது, ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா.

எனக்குப் பெரிதாகப்படுவது அவருடைய சங்கீதங்கள். பைபிளில் உள்ள 150 சங்கீதத்துக்கும், ஒன்றுகூட விடாமல், ஜெனீவாவில் கால்வின் சபையார் பாடிய ராகங்களை வைத்து நாலு குரல் முதல் எட்டு குரல் வரை எழுதினார். முதல் புத்தகம் 1604-இல் வந்தது, கடைசிப் புத்தகம் அவர் இறந்த 1621-இல். வார்த்தைகள் பிரெஞ்சில் இருக்கும், இசைப்பிரியர்கள் வீட்டில் கூடிப் பாடுவதற்காக எழுதியவை. நாம் ஓல்டு ஹண்ட்ரட் என்று பாடுகிறோமே, அது ஜெனீவாவில் 134-ஆம் சங்கீதத்தின் ராகம். நீ அஞ்சு வயதில் என் பக்கத்தில் நின்று ஒற்றை விரலால் வாசித்த அதே ராகத்துக்கும் அவர் குரல்கள் எழுதியிருக்கிறார் என்று தெரிந்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆர்கனுக்கு எழுதியதில் ஒன்றையும் உயிரோடிருக்கும்போது அச்சில் போடவில்லை. மாணவர்களும் மற்றவர்களும் கையால் பிரதி எடுத்து வைத்ததால்தான் நம்மிடம் இருக்கிறது. ஹாம்பர்கிலிருந்தெல்லாம் பிள்ளைகள் அவரிடம் வந்து படித்தார்கள். அதில் ஷைடெமானும் ஒருவர். ஷைடெமானிடம் படித்தவர் ரைன்கென், அந்த ரைன்கென் வாசிப்பதைக் கேட்கத்தான் சின்ன வயதில் இசைமேதை பாக் ஹாம்பர்குக்குப் போனார். ஆராதனையில் வாய் மூடிக் கிடந்த ஒரு ஆர்கன் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பார். 1971-இல் நெதர்லாந்தின் 25 கில்டர் பண நோட்டில் அவர் முகத்தைப் போட்டார்கள்.

உன்னிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. எலக்ட்ரானிக் கீபோர்டு வந்த வருஷம், ஒரு சபையில் என்னை இனி வரவேண்டாம் என்றார்கள். ஆனாலும் மூணு மாதம், சனிக்கிழமை சாயங்காலம் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டியாரிடம் சாவி வாங்கி, மூலையில் போட்டிருந்த பெடல் ஆர்மோனியத்தை வாசித்துவிட்டு வந்தேன். இடது பெடல் வார் அறுந்திருந்தது, சணல் கயிற்றால் கட்டி மிதித்தேன். வெளியே பெருக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் விளக்குமாற்றோடு வாசலில் வந்து நிற்பார், பாட்டு முடிந்ததும் போய்விடுவார். அந்த மூணு மாதம் வாசித்த மாதிரி நான் பிறகு வாசித்ததே இல்லை.

அங்கேயும் சாவி வைத்திருக்கும் ஆள் ஒருவர் இருப்பார்தானே? ஆராதனை இல்லாத நேரத்தில் அரைமணி நேரம் வாசிக்க விடுவாரா என்று கேள். விட்டால் 134-ஐ வாசித்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, சத்தமாகவே வாசி.

அன்புடன்,
அப்பா