கோப்பைப் பிரிக்கும் முன் லொறியைச் சுற்றிப் பாருங்கள்

அவுஸ்திரேலியாவின் தேசிய கனரக வாகன ஒழுங்குபடுத்தல் அமைப்பினருக்கு,

வணக்கம். மெல்பேர்ணின் தென்கிழக்கே, டண்டினோங் பகுதியில் என் மைத்துனர் மூன்று லொறிகளை வைத்து நடத்தும் சிறு நிறுவனத்தின் கணக்கும் கோப்பும் என் பொறுப்பில் உள்ளன. எங்களைப் போன்ற இடங்களில், லொறி நிறுவனங்களுக்கான பழைய அங்கீகாரத் திட்டத்திலிருந்து புதியதற்கு மாறும் வேலையைச் செய்யப்போகிறவர்கள், பகலில் பில் போட்டுவிட்டு இரவில் சாரதியின் தொலைபேசி அழைப்பையும் எடுக்கும் என் போன்றவர்களே என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

2025-இன் இறுதியில் குயின்ஸ்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், மேற்கு அவுஸ்திரேலியாவும் வட பிராந்தியமும் நீங்கலாக ஏனைய இடங்களில் செல்லுபடியாகும் கனரக வாகனச் சட்டத்தை மாற்றியிருக்கிறது. இதுவரை பாரம், பராமரிப்பு, களைப்பு என்று தனித்தனிப் பிரிவுகளாக அங்கீகாரம் பெற்றுவந்தோம். தேவையானதை மட்டும் எடுத்தால் போதுமாயிருந்தது. இனிப் பொதுப் பாதுகாப்பு அங்கீகாரம், சில விதிகளை வேறு வழியில் நிறைவேற்ற இடமளிக்கும் மாற்று இணக்க அங்கீகாரம் ஆகிய இரண்டுக்கும், முழு நிறுவனத்தையும் தழுவிய பாதுகாப்பு முகாமைத்துவ முறைமை, அதாவது ஆபத்துகளைக் கண்டறிந்து தடுத்துப் பதிவுசெய்யும் ஒழுங்கு, ஒன்றே அடித்தளம். இந்த மாற்றம் சரியானது என்றே நான் கருதுகிறேன். டயர் வெடித்து நள்ளிரவில் மூன்று மணிநேரம் வீதியோரத்தில் நின்ற சாரதிக்குப் பராமரிப்பு வேறு, களைப்பு வேறு என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது.

எங்கள் லொறிகளில் இரண்டு, மெல்பேர்ணுக்கும் சிட்னிக்கும் இடையே ஏறத்தாழ 880 கிலோமீற்றர், ஹியூம் நெடுஞ்சாலையில் ஓடுகின்றன. பொது விதிப்படி ஒரு சாரதி 24 மணிநேரத்தில் 12 மணிநேரம் வேலை செய்யலாம். அடிப்படைக் களைப்பு முகாமைத்துவ அங்கீகாரம் இருந்தால் 14 மணிநேரம். அந்த இரண்டு மணிநேரமும் கூடுதல் தூரம் ஓடுவதற்கே என்று வெளியார் நினைப்பதுண்டு. ஆனால், களஞ்சியத்தில் பாரம் ஏற்றுவதும் பட்டி இறுக்குவதும் தாள்களைச் சரிபார்ப்பதும் வேலை நேரமே. ஏற்றுவதற்கே இரண்டு மணிநேரம் கரைந்த நாளில், 12 மணிநேரக் கணக்கு சிட்னிக்குள் நுழையும் முன்னரே முடிந்துவிடக்கூடும். பெரிய நிறுவனங்கள் பாதிவழியில் டார்கட்டாவில் சாரதிகளை மாற்றிக்கொள்ளும். எதிர்ப்பக்கமிருந்து வந்து எங்களுடன் மாற்றிக்கொள்ள எங்களிடம் ஆளில்லை.

ஆகவே, புதிய முறைமைக்குத் தயாராக வேண்டும் என்று கடந்த ஆண்டே ஆலோசகர் ஒருவரை நாடினோம். பணம் கொடுத்த சில நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட கோப்பொன்று வந்தது. கால்நடை ஏற்றும் சரிவுப்பலகையை நாள்தோறும் பரிசோதிக்கும் நடைமுறையும் அதில் இருந்தது. நாங்கள் ஏற்றுவது தயிரும் பாற்கட்டியும்; மாடு எங்கள் லொறிக்கு வருவதானால் அந்த வடிவில்தான் வரும்.

அதே அலமாரியில், எண்ணெய்க் கறை படிந்த பழுதுப் புத்தகம் ஒன்றும் இருக்கிறது. எங்கள் மூத்த சாரதி புறப்படும் முன் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவார். சில்லு நட்டுகளின் மஞ்சள் காட்டிகள் விலகியிருக்கின்றனவா என்று பார்ப்பார். பிரேக் குழாய்களின் அருகே குனிந்து காற்றுச் சீறுகிறதா என்று கேட்பார். ஒருநாள் மாலை, “பின் அச்சு, இடப்பக்கம், உள் டயர், காற்றுக் குறைவு” என்று எழுதி வைத்தார். லொறி நாற்பது நிமிடம் பிந்திப் புறப்பட்டது. வாடிக்கையாளரின் திட்டை நான் வாங்கிக்கொண்டேன். அவருடைய குறிப்பு, டயர் மாற்றியதற்கான பில், தாமதத்துக்கு இசைந்த என் கையொப்பம் ஆகிய மூன்றும்தான் எங்களிடம் உள்ள பாதுகாப்பு முகாமைத்துவ முறைமை. விலைக்கு வாங்கிய கோப்பில் இவற்றைச் செருகுவதற்கு இடமே இல்லை.

இதனாலேயே, மாற்றத்தின்போது வரும் கணக்காய்வாளர் (நம்மவர் வாயில் ‘ஓடிட் காரர்’) அலுவலகத்துக் கதிரையில் அமருவதற்கு முன் தரிப்பிடத்துக்கு வந்து ஒரு வண்டியைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றும், பழைய திட்டத்தின்கீழ் நாங்கள் பேணிய பதிவேடுகளைப் புதிய முறைமையின் சான்றாக ஏற்க வேண்டும் என்றும் கேட்கிறேன். ஒன்பது படிகளாக நீங்கள் வெளியிட்ட வழிகாட்டி எனக்கு உதவியது. ஆயினும், படிகளை அறிந்தவருக்கும் கட்டி முடித்த வீடு எப்படியிருக்கும் என்று ஒரு மாதிரி தேவைப்படுகிறது. இரண்டு மூன்று வண்டிகள் மட்டுமே வைத்திருக்கும் நிறுவனத்தின் முழுமையான முறைமை ஒன்றை, பத்துப் பதினைந்து பக்கங்களில், மாதிரியாக வெளியிடுங்கள்.

சாரதிகளிடம் கேள்வி கேட்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும். “களைப்பு சார்ந்த இடரை எவ்வாறு முகாமை செய்கிறீர்?” என்று ஆங்கிலத்தில் கேட்டால் எங்கள் மூத்தவர் விழிப்பார். “நித்திரை தூக்கினால் என்ன செய்வீர்கள், அண்ணை?” என்று தமிழில் கேட்டால், வழியிலுள்ள ஹொல்புரூக்கிலும் கண்டகாயிலும் லொறியை எங்கே ஒதுக்குவார், எத்தனை நிமிடம் கண்ணயர்வார், எனக்கு எப்போது அழைப்பார் என்று ஒழுங்காகச் சொல்லுவார். வேண்டுவோருக்கு மொழிபெயர்ப்பாளரின் உதவியுடன் பதிலளிக்க இடமளியுங்கள்.

சாரதியை மட்டுமன்றிப் பொருள் அனுப்புவோர், பெறுவோர் உட்பட எல்லோரையும் பாதுகாப்புக்குப் பொறுப்பாக்கும் ‘பொறுப்புச் சங்கிலி’ விதிகள் 2018-இல் இறுக்கப்பட்ட பின்னர், பொருள் அனுப்புவோரும் பெறுவோரும் தங்கள் பங்குக்குத் தனித்தனியே கணக்காய்வு கேட்கிறார்கள். ஒரே பதிவேட்டை வெவ்வேறு படிவங்களில் நிரப்பியே என் வாரங்கள் கழிகின்றன. தேசியக் கணக்காய்வுத் தரத்தின்படி செய்த ஒரு கணக்காய்வே போதும் என்பதை அவர்களுக்கும் நீங்களே எடுத்துரைக்க வேண்டும். நாங்கள் சொன்னால் ஒப்பந்தம்தான் கைமாறும்.

இறுதியாக, எங்கள் தற்போதைய சான்றிதழ் முடியும் நாளுக்கும் புதியது கைக்கு வரும் நாளுக்கும் இடையே, உரிய காலத்தில் விண்ணப்பித்தவரின் சாரதி ஒரு நாளில் 12 மணிநேரமா 14 மணிநேரமா வேலை செய்யலாம் என்பதை ஒரே பக்கக் கடிதமாகத் தாருங்கள். சாரதி அதை, வேலை நேரத்தைப் பதியும் குறிப்பேட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும். இரவு இரண்டு மணிக்கு வீதியில் மறிக்கும் உத்தியோகத்தர் அவரிடம்தான் கேட்பார். அந்நேரத்தில் உங்கள் அலுவலகமும் திறந்திராது, என்னாலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இங்ஙனம்,
மூன்று லொறிகளின் கோப்புகளைப் பார்ப்பவர், டண்டினோங்